எனக்குக் காய்ச்சல் இல்லை

ஏனுங்க,

மாவு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. பாப்பாவைப் பள்ளிக்கு நீங்களே அனுப்பிவிடுங்கள். இன்று வேலைநிறுத்தம். நான் உக்கடத்துக்கு, ஆர்ப்பாட்டப் பந்தலுக்குப் போகிறேன்.

டாக்டரிடம் நீங்கள் வாங்கிவந்த சான்றிதழை டி.வி. பக்கத்திலேயே விட்டிருக்கிறேன். "மெடிக்கல் லீவு போட்டுக்க அம்மணி, எல்லாரும் அதைத்தான பண்றாங்க" என்றீர்கள். உண்மைதான். ஒவ்வொரு வேலைநிறுத்தத்தன்றும் நம் அலுவலகத்தில் பாதிப்பேருக்குக் காய்ச்சல் வந்துவிடும். எதிர்ப்பவர்கள் கொஞ்சம்பேர்தான் என்று மேலே இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

அந்தத் தைரியத்தில்தான் புது விதியைக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். இனி இடமாறுதல் போட்டால் முறையிடக்கூட முடியாதாம். இன்று என்னோடு பந்தலுக்கு வருகிறாளே நம் அலுவலகத்துக் கைக்குழந்தைக்காரி ஜெபராணி, அவளை நாளைக்கே ஆனைமலைக்குத் தூக்கியடித்தால் அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

இன்று வேலைக்கு வராதவர்கள் பெயரை மேலே எழுதி அனுப்ப வேண்டிய அதிகாரி நீங்கள். நேற்று நீங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். எனக்காகத்தான் பயப்படுகிறீர்கள். ஆனாலும் என் பெயரை விட்டுவிடாதீர்கள். ஜெபராணி பெயரை எழுதுகிற கை என் பெயரையும் எழுதட்டும்.

பட்டியலை அனுப்பிவிட்டு மத்தியானம் பந்தலுக்கு வாங்க. உங்களுக்கும் சேர்த்துத்தான் சோறு கட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
காய்ச்சல் இல்லாத உங்கள் அம்மணி