பெரியப்பா இடித்த போலிப் பொடி

அன்புள்ள குட்டிக்கு, அம்மா எழுதுவது.

நீ அங்கே சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். நாங்களும் சுகம் என்று ஒரே வரியில் எழுதிவிட ஆசை, கை வரவில்லை. பயப்படும்படி இப்போது ஒன்றும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா நடுவில் ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டு வந்தார். உன் பரீட்சை முடியட்டும் என்று இத்தனை நாள் மறைத்தேன், கோபித்துக்கொள்ளாதே. நேற்று கஞ்சியில் உப்பில்லை என்று என்னோடு ஒரு பாட்டம் சண்டை போட்டார், எப்படி இருக்கிறார் என்பதை அதிலிருந்தே தெரிந்துகொள். நான்தான் ஓய்ந்துபோயிருக்கிறேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் பெரியப்பாவின் வேர்ப்பொடியைச் சோதனைக்கு எடுத்தது உனக்குத் தெரியும். வீட்டு ஆள் விஷயமாயிற்றே என்று நான் ஒதுங்கத்தான் பார்த்தேன், வயிற்றுப் புண் என்றால் ஊரில் பாதிப் பேர் அவரிடம்தான் போகிறார்கள், ஒருமுறை பார்த்துவிடலாமே என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். எலிகளில் ஒரு கூட்டத்துக்குப் பொடியும் இன்னொரு கூட்டத்துக்கு வெறும் தண்ணீரும் புகட்டி, பிறகு புண் உண்டாக்கும் மருந்தைக் கொடுத்து, கடைசியில் இரைப்பையைத் திறந்து லென்ஸ் வைத்துப் புண்களை எண்ணுகிற வேலை. இத்தனை வருஷமாகியும் அந்த நாற்றம் எனக்குப் பழகவில்லை. பொடி குடித்த எலிகளுக்கு நிஜமாகவே புண் குறைவாக இருந்தது. எது எந்தக் கூட்டம் என்று தெரியாத ஆளை விட்டு மறுபடி எண்ணச் சொன்னோம், அப்போதும் அதேதான். சந்தோஷத்தில் வீட்டில் சொன்னேன். எலிக்குத்தான், மனுஷருக்கு எப்படி என்று இன்னும் தெரியாது என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன். இந்த வீட்டில் நான் சொல்வதில் முதல் பாதிதான் யார் காதிலும் விழும்.

பெரியப்பா உடனே ‘ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது’ என்று தன் நாட்டு மருந்துக் கடை வாசலில் பலகை மாட்டக் கிளம்பினார், மல்லுக்கட்டி நிறுத்தினேன். அப்பாவைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். தன் வயிற்றுப் புண்ணுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரைகளை எனக்குத் தெரியாமல் அலமாரிக்குப் பின்னால் போட்டுவிட்டு, அண்ணன் பொடியை மட்டும் தின்றுகொண்டிருந்திருக்கிறார். வலி போய்விட்டது, அதுதான் வினை. வலி இல்லையென்றால் புண் ஆறிவிட்டது என்று அவர் நினைத்தார், அது உள்ளே தன் பாட்டுக்கு ஆழமாகிக்கொண்டே போயிருக்கிறது. மலம் தார் மாதிரி கறுத்துப் போனதைக்கூடப் பொடியின் நிறம் என்று நினைத்து வாய் திறக்கவில்லை. ஒருநாள் காலை குளியலறையில் பொத்தென்று சத்தம் கேட்டு ஓடினால், தரையெல்லாம் ரத்த வாந்தி. எப்படி வண்டியில் ஏற்றினேன் என்று இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இல்லை. குழாய் விட்டுப் பார்த்து, கசிகிற இடத்தை அடைத்து, ரத்தம் ஏற்றிப் பிழைக்கவைத்தார்கள். வயிற்றில் கிருமி இருக்கிறது, அதைக் கொல்லாமல் இந்தப் புண் ஆறாது என்றார் டாக்டர். எங்கள் எலிகளுக்கு நாங்கள் மருந்து கொடுத்து உண்டாக்கிய புண், அந்தக் கிருமியே கிடையாது, குட்டி. அதை அவரிடம் சொல்லிவிட்டு வராந்தாவில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

பெரியப்பா வந்தார். உள்ளே வராமல் அறை வாசலிலேயே நின்று, “என் தம்பியை நானே கொன்னுருப்பேனே, கடையை மூடிடவாம்மா?” என்றார். மூடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. ஆனால் எலிகளிடம் கண்ணால் பார்த்ததை எப்படி இல்லை என்பது? மூட வேண்டாம், யார் வந்தாலும் முதலில் டாக்டரிடம் அனுப்புங்கள், மனுஷர்களிடம் ஒழுங்காகச் சோதித்துப் பார்ப்போம் என்றேன். டாக்டரும் ஒத்துக்கொண்டார். எல்லா நோயாளிகளுக்கும் கிருமிக்கான மாத்திரை உண்டு, அதோடு பாதிப் பேருக்குப் பெரியப்பாவின் பொடி, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் அதே கசப்பில் மருந்தில்லாத பொடி. யாருக்கு எது என்று முடியும்வரை அவர்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அலைந்து திரிந்து அனுமதியும் வாங்கியாயிற்று.

அந்த மருந்தில்லாத பொடியில்தான் தகராறு. நாங்கள் என்ன கலந்தாலும் ருசி காட்டிக்கொடுத்தது. பெரியப்பாவால்தான் முடியும் என்று கேட்கப் போனேன். “போலி விக்கிறவனையெல்லாம் ஊரைக் கூட்டித் திட்டினவன் நான். என்னையே போலி செய்யச் சொல்றியாம்மா?” என்று எழுந்து உள்ளே போய்விட்டார். கொஞ்ச நாள் கழித்து ஆள் அனுப்பி, மருந்துக் குணம் இல்லாத சாமான் எது எது என்று கேட்டு வாங்கிப் போனார்.

போன வாரம் சாயங்காலம் ஒரு டப்பாவோடு வந்தார். எந்தப் பொடி என்று சொல்லாமல் மேஜைமேல் வைத்தார். அப்பாவுக்கு இப்போது கிருமியும் இல்லை, புண்ணும் ஆறிவிட்டது, ஆனாலும் அண்ணன் பொடியைப் பார்த்ததும் கை சும்மா இருக்குமா, ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் போட்டுக்கொண்டார். கண்ணை மூடிச் சப்பினார். கொஞ்ச நேரத்தில் வயிற்றைத் தடவிக்கொண்டு, “பாரு, இப்பவே லேசா இருக்கு. அண்ணன் கைன்னா சும்மாவா?” என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது, அவ்வளவு நாள் அடக்கியதெல்லாம் சேர்ந்து வந்ததோ என்னவோ, கண்ணில் தண்ணீர் வந்தும் நிற்கவில்லை. பெரியப்பா சிரிக்கவில்லை. அந்தப் போலிப் பொடி டப்பாவை மூடிவிட்டுத் தம்பி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “என்கிட்ட குணமாச்சுன்னு கையைப் பிடிச்சு அழுதவங்க எத்தனையோ பேரு. அதுல எத்தனை பேருக்கும்மா இப்படி?” என்று கேட்டார். தெரியாது, அதைத்தானே பார்க்கப்போகிறோம் என்றேன். இனி அவர் இந்தப் பக்கமே வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை ஆய்வுக்கூடத்தைத் திறக்கப் போனால், நிஜத்தையும் போலியையும் சலித்துத் தனித்தனியாகக் கட்டி எடுத்துக்கொண்டு, எனக்கு முன்னால் வந்து வாசலில் நிற்கிறார்.

நோயாளிகள் திங்கட்கிழமையிலிருந்து வருகிறார்கள். என்ன வரும் என்று எனக்குத் தெரியாது, எது வந்தாலும் சரி என்று இருக்கிறேன்.

நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, உடம்புக்கு ஏதாவது என்றால் என்னைப் போல மறைக்காதே. ஞாபகமாகப் பெரியப்பாவுக்கு ஒரு போன் பண்ணு. பொடியைப் பற்றி ஒன்றும் கேட்காதே, சும்மா பேசு. எந்தக் குறையும் உன்னை அண்டாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் இதோடு.

உன் அம்மா