வெளியிலிருந்து பூட்டிய வீடு

ஜனவரி 12, திங்கள்

ஹீட்டர் நின்றுவிட்டது. காலையில் ஜன்னல் கண்ணாடியின் உட்புறத்திலேயே பனி பூத்திருந்தது. பழுது பார்ப்பவர் புதன்கிழமைதான் வருவாராம்.

அதுவரை பொறுக்காமல் என் கணவர் ஒரு ஸ்குரூ டிரைவரோடு அதன் முன்னால் உட்கார்ந்தார். பாலம் கட்டிய மனிதருக்கு ஹீட்டர் ஒரு விஷயமா என்ற முகம். சற்று நேரத்தில் சமையலறை விளக்கும் அணைந்தது.

"ரெண்டும் ஒரே லைன்ல இருக்கு. எவன் இந்த வயரிங்க பண்ணினான்?"

எவன் பண்ணியிருந்தாலும் நேற்றுவரை எரிந்தது.

மாதம் இருமுறை சனிக்கிழமை வந்து மறுநாள் கிளம்பிவிடும் கணவர் ஒருவகை. திங்கட்கிழமை காலையிலும் குளியலறையை விட்டு வராத கணவர் வேறு வகை. பதினோரு வருடம் முதல் வகையோடு குடும்பம் நடத்தினேன். அவருடைய வேலை முடிந்து, போன வாரம் இரண்டாம் வகை வந்து இறங்கியிருக்கிறது. அவரைப் பழக்கப்படுத்தவோ, அல்லது நான் பழகவோ, விடுப்பு எடுத்திருக்கிறேன்.

ஜனவரி 13, செவ்வாய்

என் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையைக் கொதிநீரில் துவைத்துவிட்டார். இனி அது ஒரு கைக்குழந்தைக்குச் சரியாக இருக்கும்.

"உனக்கு ஒரு வேலை குறையட்டுமேன்னுதான்..."

"பரவாயில்ல" என்றேன். பரவாயில்லை என்பது பொய்.

சாப்பிடும்போது மெதுவாக விஷயத்துக்கு வந்தார். பழைய அலுவலகத்திலிருந்து கூப்பிடுகிறார்கள். அதே ஊர், புதிய பாலம், இன்னும் இரண்டு வருடம். சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"நீ என்ன சொல்ற?"

"உங்க வேலை. நீங்கதான் முடிவு பண்ணணும்."

நியாயமான பதில்தானே? எதற்கு அவர் முகம் அப்படிச் சுருங்கியது? அவர் போனால் வீடு மறுபடி என்னுடையதாகும். அது எனக்கு வேண்டுமா, வேண்டாமா? தெரியவில்லை. தெரியாததைப் பற்றிப் பேசும் பழக்கம் எனக்கில்லை.

ஜனவரி 14, புதன்

விடுப்பு முடிந்தது. காலையில் ஆய்வகத்துக்குப் போனேன், ஊர்க் குடிநீர் மாதிரிகளைச் சோதித்தேன், மாலையில் வந்து கதவைத் திறந்தேன். அவர் கோட்டு, குல்லாய் சகிதம் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்.

அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறேன்.

கிளம்பினால் சாவியை இரண்டு சுற்று சுற்றுவேன், கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன். இத்தனை வருடப் பழக்கம். அவரிடம் வேறு சாவி கிடையாது. வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஹீட்டர்காரர் வந்தாராம். கதவுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் இவர்.

"கதவத் திறங்க சார்."

"திறக்க முடியாதுப்பா. எங்க வீட்டுல பூட்டிட்டு வேலைக்குப் போயிட்டாங்க."

"அப்படி என்ன சார் பண்ணீங்க?"

வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். இதை அவரே சிரித்துச் சிரித்துச் சொன்னார். எனக்கு ஏன் போன் பண்ணவில்லை என்றதற்கு, "வேலை நேரத்துல கூப்பிட்டா உனக்குப் பிடிக்காதே" என்றார். அப்புறம் டீ கோப்பையைக் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல்:

"நான் இருக்கேங்கிறதே உனக்கு ஞாபகம் இல்ல, இல்லையா?"

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

என்ன பொம்பள நான்? மறந்தது கைதான், நான் இல்ல — இதப் போய் அவர்கிட்ட சொல்ல முடியுமா? சொன்னா யார் நம்புவா? நானே நம்பமாட்டேன்.

ஜனவரி 15, வியாழன்

மாற்றுச் சாவி செய்து, அவர் தட்டின் பக்கத்தில் வைத்தேன். எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மகள் போன் செய்தாள். "அப்பா மறுபடி போறாராமே. நீ என்னம்மா சொன்ன?"

"அவர் இஷ்டம்னேன்."

"அதுக்குப் பேரு பதிலாம்மா?"

படிக்க வைத்தது என் தப்பு.

மாலையில் குளிர் தாங்காமல் சமையலறைக் கதவைச் சாத்தி, அடுப்பைப் பற்றவைத்து, ஒரே போர்வையில் உட்கார்ந்தோம். அவர் செய்தித்தாளை உரக்கப் படித்தார். வரன் விளம்பரங்களைக்கூட விடவில்லை. "நல்ல இடமா இருக்கு, பாக்கலாமா மேடம்?" என்றார். ரொம்ப சுகமாக இருந்தது. குளிர் காரணமாக இருக்கலாம்.

ஜனவரி 16, வெள்ளி

நான் வேலையிலிருந்து வந்த பிறகு ஹீட்டர்காரர் வந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அது நீங்கதானாம்மா?"

சின்ன வேலைதான், உடனே முடித்துவிட்டார். சமையலறை விளக்கும் எரிகிறது. வீடு முழுக்கக் கதகதப்பு. அவர் சமையலறையில் சூப் வைத்துக்கொண்டிருந்தார், நான் முன்னறையில் என் நாற்காலியில். இதைத்தானே ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்?

சற்று நேரத்தில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். "என்ன, அங்க குளிருதா?" என்றார். இல்லை என்றேன்.

அப்படியானால் நேற்றைய காரணம் தவறு. சோதனையில் தேறவில்லை.

ஜனவரி 17, சனி

காலையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்தே இருந்தார். நான் மேசையைத் துடைத்தேன். துடைத்த மேசையையே மறுபடி துடைத்தேன்.

"போகாதீங்க."

நிமிர்ந்து பார்த்தார். "ஏன்?"

"காரணம் தெரியல."

"காரணம் தெரியாம நீ ஒண்ணும் சொல்லமாட்டியே."

"அதான், இப்பச் சொல்றேன்ல."

இன்னொருமுறை சொல்லச் சொல்வாரோ என்று பயந்தேன். சொல்லவில்லை. போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினார். கண்ணாடி வழியாக ஒன்றும் கேட்கவில்லை. அவர் பேசப் பேச வாயிலிருந்து புகை மட்டும் வந்தது. அதிகம் வரவில்லை. சுருக்கமாகத்தான் பேசினார் போல.

ஜனவரி 18, ஞாயிறு

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. யார் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும் என்பதில் வீட்டில் இரண்டு கருத்துகள்.

ஜனவரி 19, திங்கள்

அந்த ஊரில் அவர் இருந்த அறையைக் காலி செய்து பெட்டிகளை அனுப்பிவிட்டார்கள். நடைவழி முழுக்க அட்டைப்பெட்டி. நாலு குடை வைத்திருக்கிறார், எதற்கென்று தெரியவில்லை. வேலையிலிருந்து வந்ததும் படுக்கையறை அலமாரியில் அவருக்கு இடம் ஒழித்துக்கொண்டிருக்கிறேன். பாதி என்று சொல்லியிருக்கிறேன். மூன்றில் ஒரு பங்குதான் வரும். அளந்து பார்க்கிற ஆள் அவர், கட்டாயம் கேட்பார். கேட்கட்டும்.