முகூர்த்தக்கால் ஊன்ற முடியாத புல்வெளி

பேர்லேண்ட்
21.3.2007

அன்பு மகள் ஸ்வர்ணாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அவருக்குப் பிரஷர்தான் ஏறி இறங்குகிறது. இங்கே தெற்கில் வெயில் வந்துவிட்டது, நியூஜெர்சியில் குளிர் விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் சொன்னால் நீ இங்கிலீஷில் வாதாடி என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். முழுசும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

நீயும் கதிரும் கல்யாணத்துக்கென்று இன்டர்நெட்டில் பார்த்துப் பிடித்த அந்த வெள்ளைத் தூண் பங்களாவுக்குச் சனிக்கிழமை போய்வந்தோம். அடிமைகளை வைத்துப் பருத்தி விளைவித்த தோட்டம் என்று வாசலிலேயே பலகை இருக்கிறது, நீ பார்த்த படங்களில் உன் கண்ணில் படவில்லையா? சுற்றிக் காட்டிய பெண், அந்தக் காலத்து முதலாளி தன் ஆட்களைக் குடும்பம் மாதிரி வைத்திருந்தார் என்று சிரித்துக்கொண்டே ஒப்பித்தாள். விலைக்கு வாங்கிய குடும்பமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. மேஜைக்கு மேஜை வெடித்த பருத்திக்காயைக் கொத்தாகக் கட்டி அலங்காரம் வைப்பார்களாம். அவிநாசியில் எங்கள் காட்டில் பருத்தி எடுத்தவள் நான், காய்ந்த ஓடு நகக்கண்ணைக் கிழித்துவிடும். வலித்தால் போதும் என்று வீட்டுக்குப் போய்விடுவேன். இங்கே யாரைப் போக விட்டிருப்பார்கள்?

மணமேடை பின்பக்கப் புல்வெளியில் என்றாள். உன் அப்பாவுக்கு எப்போதும் சாங்கியத்தில்தான் கண், முகூர்த்தக்கால் ஊன்ற எந்த மூலையில் குழி தோண்டலாம் என்று கேட்டார். அவள் சிரிப்பு மாறாமலே, தோண்ட மட்டும் கூடாது, அடியில் அடிமைகளைப் புதைத்திருக்கிறார்கள், கல்லும் இல்லை பெயரும் இல்லை, ஆனால் நாற்காலி போடலாம், டான்ஸ் ஆடலாம் என்றாள். வாளியில் சிமென்ட் ஊற்றிக் கொம்பை நிறுத்திக்கொள்ளுங்கள் என்று யோசனை வேறு. அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார், வா புள்ள போலாம், இங்க நிக்கவே கூடாது என்று கார் வரைக்கும் வெறுங்காலோடு நடந்தார்.

தீட்டுப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. செத்துப்போனவர்கள் மேல் எனக்கு என்ன அருவருப்பு, பாவம். அவர்கள் படுத்திருப்பது தெரிந்தே மேலே புல்லை வளர்த்து வாடகைக்கு விடுகிறார்களே, அந்தப் பிழைப்பை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை. கதிரின் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அங்கேதான் செய்தார்கள் என்பாய். அவர்களுக்குத் தெரிந்திருக்காது. உனக்கு இப்போது தெரியும்.

பத்திரிகை இன்னும் அடிக்கவில்லை, இடத்தை மாற்று. கோயில் மண்டபத்தில் போட்டோ நன்றாக வராது என்றாயே, வராவிட்டால் போகட்டும். கல்யாணம் உன்னுடையது, அங்கேயேதான் என்று நின்றால் தடுக்க மாட்டோம். ஆனால் அந்தப் புல்லில் உன்னைத் தாரை வார்த்துக் கொடுக்க நானும் அப்பாவும் வர மாட்டோம்.

எங்கே செய்தாலும் நீயும் கதிரும் குறைவில்லாமல் வாழ வேண்டும், அந்த ஆசீர்வாதத்தில் மாற்றமில்லை. இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, முதலில் அப்பாவிடம் பேசு. சனிக்கிழமையிலிருந்து அவர் உன் கல்யாணப் பேச்சையே எடுக்கவில்லை.

உன் அம்மா,
வசந்தாமணி நஞ்சுண்டன்