குயீனுக்குப் பூசிய மஞ்சள்

ஈஸ்ட் பிரன்ஸ்விக், நியூஜெர்ஸி
5-1-1984

சௌ. ஷ்யாமளாவுக்கு,

மன்னியின் ஆசீர்வாதம். இங்கே நான், உன் அண்ணா, குழந்தை பாரு மூவரும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்று நான் நாலு பக்கம் எழுதிக் கேட்டால் நீ நாலு வரியில் முடித்துவிடுகிறாய். டாக்டர்களுக்குக் கையெழுத்துதான் மோசம் என்று நினைத்திருந்தேன். கடிதம் எழுதுவதிலும் கஞ்சத்தனம் உண்டு போலிருக்கிறது.

போன சனிக்கிழமை மன்ஹாட்டன் போய் லெக்ஸிங்டன் அவென்யூ கடையில் சாமான் வாங்கினோம். உனக்கு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். சாம்பார்ப் பொடி, அப்பளம், பாசிப்பருப்பு, பெரிய பொட்டலமாக மஞ்சள் பொடி. பொங்கலுக்குள் வந்து சேர வேண்டும். நியூஃபவுண்ட்லாந்து என்பது கனடாவிலேயே கடைசி என்று உன் அண்ணா மேப்பில் விரலை வைத்துக் காட்டினார். அதிலும் கடலோரத்தில் ஒரு மீன்பிடி கிராமம், அதில் பத்துப் படுக்கை ஆஸ்பத்திரி. அங்கே முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் இல்லாமல் எதைத்தான் சாப்பிடுகிறாய்? ஒளிக்காமல் எழுது.

இப்போது முக்கியமான விஷயம். இங்கே ஆஸ்பத்திரியில் ஜூலை முதல் தேதியிலிருந்து உனக்கு டாக்டர் வேலைக்கு இடம் உறுதியாகிவிட்டது. நீ பரீட்சை எழுதி பாஸ் செய்ததோடு சரி, மீதி அலைச்சலெல்லாம் உன் அண்ணாவுடையது. மாடி அறைக்குப் புது வால்பேப்பர் ஒட்டியிருக்கிறோம். வெளிர் பச்சை. உனக்குப் பிடிக்கும். எடிசனில் வாஞ்சிநாதன் என்று ஒரு பையன், இன்ஜினியர், சாது. நீ வந்த பிறகு ஒரு நாள் காபிக்குக் கூப்பிடலாம் என்று இருக்கிறோம். உனக்கு முப்பத்திரண்டு ஆகிறது என்பதை நான் நினைவூட்டவில்லை, உன் அண்ணா நினைவூட்டச் சொன்னார்.

மன்னி காமாக்ஷி


கேலட்ஸ் கோவ், நியூஃபவுண்ட்லாந்து
22-1-1984

அன்புள்ள மன்னிக்கு,

நமஸ்காரம். பார்சல் பதிமூன்றாம் தேதியே வந்துவிட்டது. இந்தத் தடவை நாலு வரி என்று சொல்ல முடியாது, பாருங்கள்.

முதலில் சாப்பாடு. பக்கத்து வீட்டு கிளாரா என்னைப் பட்டினி போடுவதில்லை. ரொட்டி மாவை இரவே பிசைந்து வைத்து, காலையில் கிள்ளித் தட்டி எண்ணெயில் பொரிப்பாள். அதற்கு டௌட்டன் என்று பெயர். மேலே கறுப்பு மொலாஸஸ் ஊற்றித் தருவாள். வெல்லப்பாகு மாதிரிதான், கொஞ்சம் கசப்பு. மஞ்சள் பட்டாணிப் பருப்பைத் துணிப்பையில் கட்டி, உப்புக் கண்டமும் முட்டைக்கோஸும் வேகும் பானையிலேயே போட்டு வேகவைப்பார்கள். பீஸ் புட்டிங். எனக்கு மட்டும் தனிப் பாத்திரத்தில், மாட்டிறைச்சி இல்லாமல். நான் அதில் பெருங்காயமும் மிளகும் தாளித்துக் கொட்டினேன். அவள் கணவர் ஆம்புரோஸ் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சதுப்பு நிலத்தில் பறிக்கும் பேக்ஆப்பிள் என்ற பழத்தின் ஜாம் ஒரு பாட்டில் உங்களுக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

இனிமேல்தான் கதை. ஆம்புரோஸிடம் ஒரு பெண் குதிரை இருக்கிறது. பெயர் குயீன். மட்டக்குதிரை, என் தோள் உயரம்கூட இல்லை. இந்தத் தீவுக்கே உரிய ஜாதி. விறகு இழுக்கவும் வலை இழுக்கவும் முன்பெல்லாம் வீட்டுக்கு ஒன்று இருந்ததாம். இப்போது எல்லோரும் பனியில் சறுக்கி ஓடும் மோட்டார் ஸ்லெட் வாங்கிவிட்டார்கள். வசந்த காலத்தில் ஒரு வியாபாரி லாரியோடு வந்து குதிரைகளை இறைச்சிக்கு ஏற்றிக்கொண்டு போகிறான். இந்த ஜாதி அற்றுப்போகும் நிலைமை என்று சிலர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து, மிச்சமிருப்பவற்றைத் தேடிப் பதிவு செய்கிறார்கள். பதிவானால் இறைச்சிக்கு விற்கக் கூடாது, நல்ல ஆண் குதிரையோடு சேர்த்துக் குட்டி எடுப்பார்கள். குயீன் இப்போது சினை.

டிசம்பரில் பனிப்புயலில் காரும் போகவில்லை, ஸ்லெட்டும் கிளம்பவில்லை. ஒரு பிரசவத்துக்கு என்னைச் சறுக்கு வண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு போனது குயீன்தான். தாயும் குழந்தையும் நலம். அதனால் மாட்டுப் பொங்கலன்று எனக்கு மனசு கேட்கவில்லை. இங்கே மாடேது? நமக்காக உழைத்த மிருகம் எதுவானால் என்ன என்று உங்கள் மஞ்சளைக் குழைத்து அதன் நெற்றியிலும் காலிலும் பூசி, விலாவில் இரண்டு கையாலும் பதித்து, குங்குமம் வைத்து, சர்க்கரைப் பொங்கல் ஒரு வாய் ஊட்டி, கற்பூரம் இல்லாததால் மெழுகுவர்த்தி காட்டினேன். அதுவும் ஜம்மென்று நின்றது.

மறுநாள் சங்கத்திலிருந்து பதிவுக்குப் பார்வையிட ஒருவர் வந்துவிட்டார்! எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வருவதற்குள் குதிரையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்திருக்கிறார். இந்த ஜாதியில் திட்டுத் திட்டாக இரண்டு நிறம் இருந்தால் கலப்பு என்று தள்ளிவிடுவார்களாம். குயீன் சாம்பல் நிறம். அதில் மஞ்சள் திட்டு, மஞ்சள் கால், விலாவில் என் பத்து விரலும். "I have never seen that marking in my life" என்றார் அவர். நான் விஷயத்தை விளக்கினேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார், ஆனால் நிறத்தைக் கண்ணால் பார்க்காமல் எழுத முடியாது என்று போய்விட்டார். இந்தக் குளிரில் குதிரையைக் குளிப்பாட்டினால் செத்தே போகும்.

ஆம்புரோஸுக்கு வயதாகிவிட்டது. மே மாதம் முதல் மிருகங்களை அவிழ்த்துவிடக் கூடாது, வேலி போட்டுத்தான் வைக்க வேண்டும் என்று ஊர் கவுன்சில் உத்தரவு. அவருக்கு வேலி போட நிலம் இல்லை. பதிவாகாவிட்டால் லாரிதான். நான் பக்தியோடு செய்த காரியம் அதன் கழுத்துக்குக் கத்தியாக முடிந்தால் எப்படித் தாங்குவேன்?

அண்ணாவுக்கு நமஸ்காரம். ஜூலை பற்றி யோசிக்கிறேன்.

ஷ்யாமளா


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
8-2-1984

சௌ. ஷ்யாமளாவுக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அடி பெண்ணே, எம்.பி.பி.எஸ். படித்த புத்தி எங்கே போயிற்று? மாட்டுக்கே கொம்பில்தான் வர்ணம். உடம்பு முழுக்க மஞ்சள் பூச அது என்ன கல்யாணப் பெண்ணா? பாரு கேட்டுவிட்டு, "Amma, did the horse at least like the pongal?" என்கிறாள்.

சிரித்து முடித்த பிறகு எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. மஞ்சள் அனுப்பியவள் நான். உலர்ந்த கடலைமாவை நன்றாகத் தேய்த்து பிரஷ்ஷால் தட்டிவிடு, தண்ணீர் வேண்டாம். வெயில் வரும்போதெல்லாம் வெளியே நிறுத்து. மஞ்சளுக்கு வெயில் ஆகாது. என் வெள்ளைப் புடவையில் சாம்பார் கொட்டினால் நான் செய்வது அதுதான்.

பீஸ் புட்டிங் இங்கே செய்து பார்த்தேன். கடையில் மஞ்சள் பட்டாணி கிடைத்தது. உன் அண்ணா ஒரு வாய் போட்டுக்கொண்டு, "இதுக்கு எதுக்குடி பேரு, பருப்புக் கட்டின்னு சொல்லிட்டுப் போயேன்" என்றார். ஆனால் மிச்சம் வைக்கவில்லை.

உன் குதிரை விஷயத்தையும் சொன்னேன். அவர் இப்படிச் சொன்னார், அப்படியே எழுதுகிறேன்: "அவளுக்கு அந்தக் குதிரையைப் பிரியறதுதான் கஷ்டம்னா, வாங்கி இங்க கொண்டு வரச் சொல்லு. வெஸ்ட் வின்ட்சர்ல எத்தனை farm இருக்கு, ஒண்ணுல மாசாமாசம் பணம் கட்டி board பண்ணிடலாம். ஞாயித்துக்கிழமை drive பண்ணிண்டு போய்ப் பாத்துட்டு வரட்டும்." பார், உன் அண்ணா உனக்காகக் குதிரை வளர்க்கக்கூடத் தயார். இதைவிட ஒரு அண்ணன் என்ன செய்வான்?

வாஞ்சிநாதனின் அம்மா வாரம் தவறாமல் போன் பண்ணுகிறாள். அவளுக்கு நான் என்ன சொல்வது? யோசிக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். யோசித்து, வருகிறாயா இல்லையா என்று வாயைத் திறந்து சொல்லு.

மன்னி


கேலட்ஸ் கோவ்
20-5-1984

அன்புள்ள மன்னிக்கு,

நமஸ்காரம். இடையில் இரண்டு சின்னக் கடிதங்கள் போட்டு ஒப்பேற்றிவிட்டேன். இப்போது எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

உங்கள் கடலைமாவு வைத்தியத்தில் மஞ்சள் பாதி போயிற்று. மீதியைக் குதிரையே பார்த்துக்கொண்டது. இந்த ஜாதிக்கு ஒரு வழக்கம் உண்டாம். குளிர்கால ரோமம் மொத்தமும் உதிர்ந்து, கோடைக்கு வேறே நிறத்தில் முளைக்கும். ஏப்ரலில் கை வைத்தால் கொத்துக் கொத்தாக வந்தது. உள்ளே இருந்தது பழுப்பு! சங்கத்துக்காரர் போன வாரம் திரும்ப வந்தார். முகம், கால், குளம்பு எல்லாம் பார்த்து, "That's a fine pony" என்று சொல்லிப் பதிவு செய்துகொண்டார். என் கையை வேறு திருப்பிப் பார்த்துவிட்டு, மஞ்சள் இல்லை என்று சிரித்தார். மூன்று நாள் கழித்துக் குட்டி பிறந்தது. பெண். கிளாரா அன்றைக்கு ஃபிகி டஃப் செய்தாள். திராட்சை போட்ட மாவை மூட்டையாகக் கட்டி வேகவைத்த இனிப்பு. ஊரே வந்து சாப்பிட்டது.

மன்னி, நல்ல செய்தி இத்தோடு முடிந்தது. மற்றது நல்லதா கெட்டதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

பதிவு செய்தாலும் வேலி வேண்டுமே. ஆம்புரோஸ் வீடு வீடாகக் கேட்டார். நிலம் இருப்பவர்களுக்குக் குதிரை வேண்டாம், குதிரை வேண்டுபவர்களுக்கு நிலம் இல்லை. கிளாராவின் அக்கா இருந்த வீடு குன்றின் மேல் காலியாகக் கிடந்தது. சின்ன வீடு, சுற்றிலும் புல்வெளி. அதை நான் வாங்கிவிட்டேன். குயீனும் குட்டியும் இப்போது என்னுடையவை.

அண்ணா சொன்னதை நினைத்து நினைத்துப் பார்த்தேன். எனக்காக அவர் அவ்வளவு தூரம் இறங்கி வந்தது எனக்குத் தெரியாதா? நியூஜெர்ஸி புல்லில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இதற்குத் துணையாகும் ஆண் குதிரைகள் இந்தத் தீவில்தான் இருக்கின்றன. நான் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தால் அது எனக்குச் செல்லப் பிராணியாக இருக்கும், இந்த ஜாதிக்கு ஒன்று குறையும். குதிரைக்காக மட்டும் இருக்கிறேன் என்றும் நினைக்காதீர்கள். இங்கே நான் ஒருத்திதான் டாக்டர். தெருவில் போனால் ஒவ்வொரு வீட்டிலும் தேநீருக்குக் கூப்பிடுகிறார்கள். நான் சந்தோஷமாக இருக்கிறேன் மன்னி. இதை எழுதுவதற்கு ஏன் இத்தனை மாதம் பயந்தேன் என்று தெரியவில்லை.

ஜூலையில் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு நானே எழுதிவிட்டேன். வாஞ்சிநாதனையும் காபிக்குக் கூப்பிட வேண்டாம். அண்ணாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் சொல்லுங்கள்.

ஷ்யாமளா


கேலட்ஸ் கோவ்
7-6-1984

அன்புள்ள மன்னிக்கு,

கடிதம் கிடைத்ததா? போன் பண்ணினேன், பாருதான் எடுத்தாள். "Appa is in the yard" என்றாள், நீங்கள் கடைக்குப் போயிருக்கிறீர்கள் என்றாள். அப்பாவைக் கூப்பிடு என்று சொல்லாமலே வைத்துவிட்டேன். திட்டியாவது இரண்டு வரி எழுதுங்கள்.

ஷ்யாமளா


ஈஸ்ட் பிரன்ஸ்விக்
15-6-1984

சௌ. ஷ்யாமளாவுக்கு மன்னியின் ஆசீர்வாதம்.

திட்டவில்லை. முதலில் என் மனசை எழுதிவிடுகிறேன். உன் கடிதத்தைப் படித்ததும் மாடி அறையில் போய் உட்கார்ந்து அழுதேன். வால்பேப்பர் உனக்காக என்று சொன்னேனே, பாதி எனக்காகத்தான். அவர் ஏழரைக்கு ஆபீஸுக்குக் காரை எடுத்தால், பாரு ஸ்கூல் பஸ் ஏறினால், அதன் பிறகு இந்தத் தெருவில் என்னோடு தமிழில் சண்டை போடக்கூட ஆள் இல்லை. நீ வந்தால் நன்றாக இருக்கும் என்று நான் ஆசைப்பட்டது நிஜம். நீ சந்தோஷமாக இருக்கிறேன் என்று எழுதியதை அதற்குப் பிறகுதான் நிதானமாகப் படித்தேன். உன்னிடமிருந்து அந்த வார்த்தை வந்து நான் இதுவரை பார்த்ததில்லை.

உன் அண்ணாவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். சாதத்தில் மோரை ஊற்றிப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிட்டார். ஒரு வாரம் என்னோடும் சரியாகப் பேச்சில்லை, நான் ஏதோ தூண்டிவிட்டேன் என்ற மாதிரி. மாலையில் வந்தால் தோட்டத்தில் களை பிடுங்கப் போய்விடுவார். நீ போன் பண்ணியபோதும் அங்கேதான் இருந்தார். பாரு சொன்னதும், "ஏன் வெச்சுட்டா? என்னைக் கூப்பிட வேண்டாமோ?" என்று அவளைக் கடிந்துகொண்டார். கோபம் இறங்கிவிட்டது என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த நாள் காபி குடிக்கும்போது தானாகக் கேட்டார்.

"அந்தக் குதிரைக்கு என்ன வயசாறது?"

"எட்டோ ஒன்பதோ."

"எத்தனை வருஷம் இருக்கும்?"

"முப்பது வருஷம்கூட இருக்குமாம், ஷ்யாமளா முன்னாடி ஒரு தடவை எழுதியிருந்தா."

"இப்போ குட்டி வேற."

"ஆமா, பெண் குட்டி."

காபி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "வேலி என்ன, மரமா கம்பியா? கம்பின்னா குட்டி காலை மாட்டிக்கும், மரம்தான் போடணும்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன். மரமே போடு.

ஆகஸ்டில் நாங்கள் மூவரும் வருகிறோம். இரண்டு வாரம் லீவு சொல்லிவிட்டார். முதல் இரண்டு நாள் உன்னிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருப்பார், கண்டுகொள்ளாதே. கிளாராவிடம் சொல்லி டௌட்டனுக்கு மாவு பிசையச் சொல்லு, அவருக்கு எண்ணெயில் பொரித்தது எதைக் கொடுத்தாலும் கோபம் நிற்காது. உனக்கு வீட்டுக்கு என்ன பாத்திரம் வேண்டும் என்று எழுது. குக்கரும் ஒரு காபி ஃபில்டரும் இப்போதே எடுத்து வைத்துவிட்டேன்.

நேற்று வாஞ்சிநாதனின் அம்மா மறுபடி போன் பண்ணினாள். நான் எடுக்கப் போனேன், அவரே எடுத்தார். அந்த மாமி சும்மா விடவில்லை. கல்யாணமும் ஆகவில்லை, அண்ணா ஆத்துக்கும் வரவில்லை என்றால் உங்கள் தங்கை எங்கேதான் இருப்பாள் என்று கேட்டிருக்கிறாள் போலிருக்கிறது. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"அவ ஆத்துலதான் மாமி. என் தங்கைக்கு அங்க சொந்தமா வீடு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

மன்னி காமாக்ஷி