கௌரம்மா சொன்னது

பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தபோது அந்த வாரப் பத்திரிகை கையில் வந்தது. பழைய காகிதமும் அந்துருண்டையும் கலந்த வாசனை. நடுப்பக்கத்தில் கௌரம்மா தன் தைல மரத் தோப்பின் ஓரத்தில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். படம் நீங்கள் எடுத்தது. கீழே உங்கள் பெயர். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் மூன்று வருஷமாகிறது. அந்தக் கட்டுரையை இன்றும் என்னால் முழுதாகப் படிக்க முடியவில்லை.

தர்மபுரிக்காரரான நீங்கள் என்னைக் கட்டிக்கொண்டு, நான் பிறந்து வளர்ந்த பெங்களூர் ஆஸ்டின் டவுனுக்கு வந்தபோது உங்களுக்குக் கன்னடத்தில் ஒரு வார்த்தை தெரியாது. நான் பீன்யாவில் ஒரு ஃபேக்டரி ஸ்டோர்ஸில் வேலை பார்த்தேன். நீங்கள் காடு, ஏரி, மேய்ச்சல் நிலம், விறகு என்று எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினீர்கள். பாதி திரும்பி வரும். “மாப்பிள்ளைக்கு எங்க வேலை?” என்று சித்தப்பா கேட்டபோது “ஃப்ரீலான்ஸ்” என்றேன். அவர் அதை ஏதோ கம்பெனி என்று நினைத்து, “பிஎஃப் எல்லாம் புடிக்கிறாங்களா?” என்றார். நீங்கள் அன்று முழுக்கச் சிரித்தீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் இருவரும் பஸ் ஏறி ஊர் ஊராகப் போவோம். கேள்வி உங்களுடையது, கன்னடம் என்னுடையது.

முதன்முறையாக ஒரு பெரிய வாரப் பத்திரிகை தானாகவே உங்களிடம் கட்டுரை கேட்டது அப்போதுதான். ஹொசகோட்டைப் பக்கம் ராகி விளைந்த நிலமெல்லாம் தைல மரமாகிவிட்டது, நிலத்தடி நீர் போய்விட்டது, அதைப் பற்றி எழுத வேண்டும். “இது நல்லா வந்துட்டா தொடர்ந்து எழுதச் சொல்வாங்க” என்று பஸ்ஸில் இரண்டு முறை சொன்னீர்கள்.

கௌரம்மா கணவனை இழந்தவர். நம்மைத் தோப்பு நிழலில் உட்கார வைத்து நிதானமாகப் பேசினார். மரம் வைப்பதற்கு முன்பே கிணறு வற்றிவிட்டது என்றார். தனி ஆளாக ராகி போட்டுக் களை எடுக்கவோ காவல் காக்கவோ முடியவில்லை. இந்த மரம் தன்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. இது இல்லாவிட்டால் நிலத்தை விற்றுவிட்டுப் பெங்களூரில் யார் வீட்டிலாவது பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பேன் என்றார்.

“என்ன சொல்றாங்க?” என்று கேட்டீர்கள். பேனா தாளின் மேல் நின்றது. உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, நீங்கள் எழுத வந்தது இதுவல்ல என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

“இந்த மரம் வந்தப்புறம்தான் கிணறு வத்திப்போச்சாம். ராகி போட்ட காலம்தான் நல்லா இருந்துச்சாம்” என்றேன்.

நீங்கள் வேகவேகமாக எழுதினீர்கள். பொய் சொன்னதாகக்கூட எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்கு ஏதோ கொடுத்த மாதிரி இருந்தது.

கட்டுரை வந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். ஒரு பிரதியைக் கௌரம்மாவிடம் கொடுக்கப் போனோம். அவர் நம்மை உட்காரச் சொல்லவில்லை. காய்கறி எடுக்க வரும் தமிழ் வியாபாரி ஒருவர் ஏற்கெனவே அவருக்கு அதைப் படித்துக் காட்டியிருந்தார். ஊரில் பாதிப் பேர் அந்த மரத்தை நம்பிப் பிழைப்பவர்கள். மரத்தைப் பழித்துப் பேப்பரில் பேசியவள் என்று அவரை ஒதுக்கிவிட்டார்கள். மரம் வெட்ட வரும் கான்ட்ராக்டர் அவர் தோப்பை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார்.

“நானு ஹாகே ஹேளே இல்ல” என்றார் கௌரம்மா, என்னைப் பார்த்து.

“என்ன சொல்றாங்க?” என்றீர்கள்.

நான்தான் அதையும் சொல்ல வேண்டியிருந்தது. “நான் அப்படிச் சொல்லவே இல்லைன்னு சொல்றாங்க.” “ஆமாங்க. அவங்க சொல்லல. நான்தான் மாத்திச் சொன்னேன்.”

நீங்கள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தீர்கள். பிறகு கௌரம்மாவின் பக்கம் திரும்பிக் கைகூப்பி, அரைகுறைக் கன்னடத்தில், “தப்பு நந்தம்மா” என்றீர்கள். தப்பு என்னுடையது என்று. நான் செய்த தப்பை.

திரும்பும் பஸ்ஸில் கே.ஆர்.புரம் தாண்டியபோதுதான், “அவங்க சொன்னது நான் எழுதினதவிட நல்லா இருந்திருக்கும்” என்றீர்கள். கோபத்தை விட அது வலித்தது.

பத்திரிகைக்கு மறுப்பு எழுதினீர்கள். விசாரிக்காமல் எழுதியது கட்டுரையாளரின் பிழை என்று. என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. ஒரு மூலையில் போட்டார்கள். அதன்பின் அங்கிருந்து கடிதமே வரவில்லை. அந்த மறுப்பை என்னைக் கன்னடத்தில் எழுதச் சொல்லி, நீங்களே எடுத்துப் போய் ஊரில் வீடு வீடாகக் காட்டினீர்கள். அடுத்த வருஷம்தான் கான்ட்ராக்டர் வந்தார், கௌரம்மாவின் தோப்பிலும் கோடாலி விழுந்தது. அந்த நாட்களில்தான் பஸ் போர்டுகளை எழுத்துக் கூட்டிப் படித்துக் கன்னடம் கற்றுக்கொள்ளத் தொடங்கினீர்கள். என்மேல் நம்பிக்கை போனதாலா என்று கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

பிறகு ஆஸ்பத்திரி. டாக்டர் உங்கள் கட்டில் பக்கத்திலேயே நின்று, உங்களுக்குப் புரியாது என்று நினைத்து, என்னிடம் கன்னடத்தில் சொன்னார். அவர் போனதும் என்னைப் பார்த்தீர்கள். இன்னொரு ஆபரேஷன் பண்ணிப் பயனில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போகலாம், சில வாரங்கள்தான் என்று சொன்னேன். எதையும் விடவில்லை.

“எனக்கும் அப்படித்தான் புரிஞ்சுது” என்றீர்கள். என் கையை எடுத்து உங்கள் நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டீர்கள்.

நீங்கள் போன பிறகு வந்த கோடையில் நான் மட்டும் கௌரம்மாவைப் பார்க்கப் போனேன். நீங்கள் இல்லை என்று சொன்னதும் என்னை உட்காரச் சொன்னார். பிறகு அவர் பேசியதை நான் தமிழில் சொன்னால் கேட்க நீங்கள் பக்கத்தில் இல்லை. பஸ்ஸில் உதடு மட்டும் அசைந்தபடி வந்தேன். இத்தனை நாள் என்னிடமே இருந்தது. இதுதான் அவர் சொன்னது:

“எழுதிட்டுப் போனவங்க யாரும் திரும்பி வந்ததில்ல. அவர் வந்தாரு. அன்னைக்கு நான் அவருக்கு ஒரு வாய் தண்ணிகூடக் கொடுக்கல. அது எனக்கு இன்னும் உறுத்துது.”

ஒரு சொல்லும் கூட்டவில்லை. குறைக்கவும் இல்லை.