சும்மா கிடக்கும் நிலத்துக்கு மானியம்

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம், நான்தான் சரியில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலை இல்லை, அவ்வளவுதான். நம் நிலத்தை ஒரு வருஷம் தரிசாகப் போட்டால் அரசாங்கம் மானியம் தரும் என்று நீ சொன்னபோது சிரித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டேன். சும்மா இருக்கப் பணம் கொடுக்கிறார்களே, கசக்குமா என்றிருந்தது.

இப்போது கசக்கிறது. மழை பெய்து மண் பதமாகக் கிடக்கிறது. பக்கத்து வயலில் டிராக்டர் ஓடுகிறது. நான் சமையலறையில் டப்பாக்களை மாற்றி அடுக்கிக்கொண்டிருக்கிறேன். “உப்ப எங்கங்க ஒளிச்சு வெச்சீங்க? கொஞ்சம் வெளியிலதான் போயிட்டு வாங்களேன்” என்று உன் தம்பி பெண்டாட்டி விரட்டுகிறாள். எங்கே போவேன்? வயலைச் சுற்றிவிட்டுத் திரும்பி வருகிறேன்.

ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் பயறு தூவட்டுமா அக்கா? யாருக்குத் தெரியப் போகிறது?

உன் தம்பி


ஜூன் 11

அருமைப் பம்பரத்துக்கு,

தூவிப் பார், வந்து கையை ஒடிக்கிறேன். அதிகாரி வரும்போது ஒரே ஒரு பயிர் கண்ணில் பட்டாலும் மானியம் மொத்தமும் போய்விடும். என் தையல் கடை இருக்கும் இடத்தை அதன் சொந்தக்காரர் விற்கப் போகிறார். “வாங்குறீங்களா, காலி பண்றீங்களா?” என்று வாசலில் நின்று கேட்கிறார். மானியத்தை நம்பித்தான் முன்பணம் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். என் தையல் மெஷின்கள் தெருவுக்கு வரக் கூடாதடா.

விளையாத வருஷங்களில் என் பங்கு எங்கே என்று ஒரு நாளாவது கேட்டிருப்பேனா? இந்த ஒரு தடவை எனக்காகச் சும்மா இரு. டிவி பார். தூங்கு. அவளையும் கொஞ்சம் நிம்மதியாக விடு.

பாசத்துடன்,
அக்கா


அக்டோபர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

பயப்படாதே, தூவவில்லை. பக்கத்து வயல்காரரிடம் போய் உழுது கொடுத்தேன். “கூலி என்ன வேணும்?” என்றார். “ஒண்ணும் வேணாம், ஓட்ட விடுங்க போதும்” என்றேன். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாராம்.

அதிகாரி நேற்று வந்தார். முழங்கால் அளவு களையைப் போட்டோ எடுத்துக்கொண்டு, “ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க” என்றார். இத்தனை வருஷம் விளைவித்தபோது எந்த அதிகாரியும் என்னைப் பாராட்டியதில்லை. நேற்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

மானியம் நிச்சயம் வரும். என் பங்கையும் சேர்த்து நீயே வைத்துக்கொள். கடையை விடாதே.

உன் தம்பி


ஜனவரி 9

என் தங்கத் தம்பிக்கு,

முன்பணம் கட்டிவிட்டேன். ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன். நீ நன்றாக இருக்க வேண்டும்.

இனி தவணை கட்ட வேண்டும். தரிசுத் திட்டத்தை இன்னும் மூன்று வருஷத்துக்கு நீட்டித்திருக்கிறார்கள். நிலம் நம் இரண்டு பேர் பெயரிலும் கூட்டாக இருப்பதால் இரண்டு பேருமே கையெழுத்துப் போட வேண்டுமாம். நான் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மூன்று வருஷம் கண் மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும். மாட்டேன் என்று சொல்லிவிடாதே. உன்னை விட்டால் எனக்கு யார்?

அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மூன்று வருஷம் என்னால் முடியாது அக்கா. முடியாது என்று உன்னிடம் சொல்லவும் முடியவில்லை. அதனால் மானிய அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். “பாகம் பிரிச்சுக்குங்க. அவங்க பங்கு தரிசா இருக்கட்டும், நீங்க உங்க பங்குல விதைங்க” என்றார்கள். உன் பங்குக்கு வரும் மானியம் தவணைக்குப் போதும், கணக்குப் பார்த்துவிட்டேன்.

கிணற்றுப் பக்கத்தை உனக்கு வைத்திருக்கிறேன். “தரிசுக்குக் கிணறு எதுக்கு?” என்று இவள் கேட்டாள். அப்படியேதான் பத்திரம் எழுத வைத்தேன். பாகப்பிரிவினைப் பத்திரம் இத்துடன் இருக்கிறது. படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

அப்பா போன பிறகும் நாம் பிரிக்காத நிலம். இன்று காலை நடுவில் வரப்புப் போட்டேன். இத்தனை மாதம் கழித்து நம் மண்ணில் நான் செய்த முதல் வேலை அதுதான். மண்வெட்டியைப் பிடித்ததும் கைக்கு அவ்வளவு சந்தோஷம் அக்கா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உன் தம்பி