தக்காளியைப் பிறகு போடு

கோபக்காரிக்கு,

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது. அதனால் எழுதுகிறேன்.

அந்த ஊரில் டூட்டி முடிந்து வந்து தினமும் தக்காளிச் சாற்றில் ஊறிய டின் பீன்ஸ்தான் சாப்பிடுகிறாயாமே, உன் அப்பா சொன்னார். அதில் சர்க்கரையும் உப்பும் எம்புட்டு என்று நர்ஸுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அதே பீன்ஸைக் காய்ந்த பயறாக வாங்கி நானே செய்தேன்.

முதல் தடவை அவசரப்பட்டு, தக்காளியையும் சேர்த்தே குக்கரில் போட்டுவிட்டேன். பத்து விசிலுக்குப் பிறகும் கல் மாதிரி கிடந்தது. புளிப்பு பட்டால் பயறு வேகாது. கெமிக்கல் இன்ஜினியரான நான் செய்கிற வேலையா இது?

நீ இப்படிச் செய். எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடு. புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு, விரலில் நசுங்கும்வரை வேகவை. பிறகுதான் தக்காளி, வெங்காயம், துளி வெல்லம், உப்பு. சாறு கெட்டியாகும்வரை ஓவனில் வை.

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து கோச்சடையில் நம் வீட்டுக்கு வந்த உன் அப்பா ருசி பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு மாப்ள. பொண்டாட்டிய ஒத்தையில அனுப்பிட்டு, அவ சாப்பாட்ட இங்க உக்காந்து சாப்பிடுறீகளாக்கும்?"

சாயந்திரம் நீ சாப்பிடுவது என்ன ருசி என்று எனக்கும் தெரியவேண்டும் போலிருந்தது. அம்புட்டுதான்.

ஏர்போர்ட்டில் "நீ போ, நான் வரமாட்டேன்" என்று நான் சொன்னது தப்பு. இதைச் சொல்ல எனக்கு ஐந்து மாதம் ஆகியிருக்கிறது. உன்னிடம் கேட்காமலே விசாவுக்குப் போட்டேன், வந்துவிட்டது. டிக்கெட் மட்டும் போடவில்லை. நீ தங்கியிருக்கும் அறையில் எனக்கு இடம் உண்டா என்று நீதான் சொல்லவேண்டும்.

உன் வீட்டுக்காரன்